அம்பிகைக்குக் கொடுத்த பேச்சு

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துச் சுருவில் என்ற ஊர்ச் சறோஜினிதேவியின் புருஷன் தியாகலிங்கம் இரத்தினபுரியில் கடை வைத்திருந்தான். கலியாணமான புதிதில் தீபாவளிக்கும் வந்தான், திருவிழாவுக்கும் வந்தான். பிறகு திருவிழாவுக்கு மட்டும் வந்தான். பிறகு வரவே இல்லை. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கத் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

தமையன் அப்புத்துரையின் வளவு மூலையில் அவளுக்கு ஓர் அறையும் சின்னக் குசினியும் இருந்தன. ஒற்றை ஆளுக்குச் சமைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு அலுத்துப்போய், ஊர்காவற்றுறையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்துச்சாலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டவும் புண் கழுவவும் வேலைக்குப் போனாள். சைவக்காரி வேதக்காரரிடம் சம்பளத்துக்குப் போகிறாள் என்று அப்புத்துரை கொஞ்சக்காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகாமல் இருந்தால் மட்டும் என்ன பேசிவிடப் போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எழுபத்தோராம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் சண்டை மூண்டு, சனம் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் ஓடிவந்தது. கல்கத்தாவுக்கு வெளியே ஒரு தேவாலயத்து அநாதை இல்லத்தில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள், கைகொடுக்க ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. பங்குச் சுவாமியார் லியோன் ஒரு சிறு குழுவைச் சேர்த்தார். புறப்படப்போகும் நேரத்தில், குழுவிலிருந்த நேர்ஸ் காமாலையில் படுத்துவிட்டாள். சுவாமியார் மருந்துச்சாலைக்கு வந்தார்.

"சறோ, நேர்ஸ் பிள்ளைக்குச் செங்கமாரி. அவவுக்குப் பதிலா நீர் வாறீரோ?"

"நான் சைவமெல்லோ, சுவாமி."

"பிள்ளையளைக் குளிக்க வாக்கிறதுக்குச் சைவமென்ன, வேதமென்ன?"

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" என்று அவர் சிரித்தார்.

அப்புத்துரையிடம் போய்ச் சொன்னாள். அவன் புகையிலைக்கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான்.

"போறதெண்டால் போ. உன்னை ஆர் மறிக்கிறது?" என்றான் நிமிராமலே.

எப்போது திரும்பி வருவாய் என்று அவன் கேட்பான் என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் ரயில் பிடித்து, மேலும் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்ப் படங்குக் கொட்டகைகள். சேற்றுக்குள்ளே பாய்களும் பிள்ளைகளும். குழுவில் வந்த மற்றவர்கள் ஆங்கிலம் தெரிந்தவர்கள். வெள்ளைக்காரத் தொண்டர்களோடு கலந்துவிட்டார்கள். சுவாமியாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மாலையில் எல்லோரும் ஜெபத்துக்குக் கூடும்போது அவள் கொட்டகை வாசலில் குந்தியிருந்து, நனைந்த கால்களை முந்தானையால் துடைத்துக்கொள்வாள். கடல் தாண்டி வந்தும் அதே மூலைதான் வாய்த்தது என்று தோன்றும்.

பிள்ளைகள் அவளை "மாசி, மாசி" என்று கூப்பிட்டார்கள். கறிக்குப் போடுகிற மாசிக் கருவாட்டை நினைத்து முதல்நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னம்மா என்று அர்த்தமாம். அங்கிருந்த சிஸ்டர் ஒருத்தியிடம் கேட்டுச் சுவாமியார் பிறகு விளங்கப்படுத்தினார்.

கூப்பிடாதவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். நாலு வயது இருக்கும். வழியில் கிடந்தவளை யாரோ வண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஊசி போட்டாலும் அழமாட்டாள். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. அவளுக்குக் கஞ்சி பருக்கும் வேலை சறோஜினிதேவிக்கு வந்தது. அம்பிகை என்று தானே ஒரு பெயர் வைத்தாள்.

ஒரு கரண்டிக் கஞ்சிக்கு அரைமணி நேரம் ஆகும். சும்மா இருக்க ஏலாமல் அவள் பேசத் தொடங்கினாள். மழையைப் பற்றிப் பேசினாள். மெல்ல மெல்லத் தியாகலிங்கத்தைப் பற்றியும் பேசினாள். "அவர் வராட்டில் போகட்டும். வரமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே, அம்பிகை?" ஊரில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம், விளங்காத அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் குளிக்க வார்த்தபோது பிள்ளை சட்டென்று பின்வாங்கியது. "சுடுது" என்றது.

சறோஜினிதேவிக்குக் கைச்செம்பு நழுவிவிட்டது. அழுதுகொண்டே பச்சைத் தண்ணீர் கலந்தாள். அதன்பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் தமிழாக, எல்லாம் சுருவில் பேச்சாக. படுக்கும்போது பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதை கேட்கும். அந்த மாதங்களில்தான் தனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று அவள் உணர்ந்தாள்.

மார்கழியில் சண்டை முடிந்தது. சனம் ஊர் திரும்பத் தொடங்கியது. தைமாதத்தில் ஒரு பெண், இல்லம் இல்லமாகத் தேடிக்கொண்டு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து "மினதி!" என்று கூப்பிட்டாள். அம்பிகை திரும்பினாள்.

அந்தப் பிள்ளையின் உண்மையான சின்னம்மா அவள்தான். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஓயாமல் பேசினாள். பிள்ளை அவள் முகத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு, "எனக்கு விடாய்க்குது" என்றது.

அந்தப் பெண் விழித்தாள்.

"தண்ணி தாங்கோ. விடாய்க்குது."

அந்தப் பெண் பயந்துபோய்ச் சறோஜினிதேவியைப் பார்த்தாள். "ஜொல்" என்றாள் சறோஜினிதேவி. அவளுக்குத் தெரிந்த வங்காளச் சொற்களில் அதுவும் ஒன்று. "ஜொல் கேக்கிறாள்."

சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். பிள்ளையை வாய் திறக்க வைத்தது உண்மைதான். ஆனால் அந்த வாயில் அவள் வைத்தது, அந்தப் பிள்ளையின் ஊரில் ஒருவருக்கும் விளங்காத பேச்சு. தனக்கொரு துணை வேண்டுமென்று பேசினேனே தவிர, இதை நினைத்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சனத்தை ஊருக்கு ஏற்றிப்போகும் லொறி வரச் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அவள் பிள்ளையோடு தமிழ் பேசவில்லை. "தண்ணி" என்றால் விளங்காதவள்போல இருந்தாள். பிள்ளை உரத்துச் சொன்னது. உலுப்பியது. "உங்களுக்குக் காது கேக்காதோ?" என்று அழுதது. கடைசியில் முகத்தில் அடித்தது. அவள் அசையவில்லை. தண்ணீர்ப் பேணியைக் காட்டி "ஜொல்" என்றாள். மறுநாள் பிள்ளை அவளைப் பார்க்காமல் சின்னம்மாவிடம் போய் "ஜொல்" என்றது. லொறி ஏறும்போதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் ஆறவில்லை.

"நீர் செய்தது சரி, சறோ" என்றார் சுவாமியார்.

"ஓம், சுவாமி" என்றாள்.

ஊர் திரும்பியபோது மச்சாள், அப்புத்துரையின் பெண்சாதி, சோறு போட்டாள். கல்கத்தா எப்படி என்று கேட்டாள். பதில் வருமுன் மாட்டுக்குத் தவிடு கரைக்க எழுந்துவிட்டாள். மறுநாளே சறோஜினிதேவி மருந்துச்சாலைக்குப் பஸ் ஏறினாள். வெந்நீர் வார்க்கும்போது மட்டும், ஏனென்று யாருக்கும் சொல்லாமல், கையை விட்டுப் பல தடவை பார்ப்பாள்.

எழுபத்தெட்டில் மட்டக்களப்பைப் புயல் அடித்தது. தாய்தகப்பன் இல்லாமற்போன பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுவாமியார் கேட்குமுன்பே அவள் பெட்டியைக் கட்டினாள். அங்கே பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினார்கள். அவள் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்காக்குப் பிள்ளையள் இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை" என்று சொல்லி, சீப்பால் அவள் தலையைத் தொடர்ந்து வாரிவிட்டாள்.

மற்றவர்கள் திரும்பினார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். சுருவிலிலிருந்து யாரும் தேடி வரவில்லை. சில வருஷங்கள் கழித்து அந்தப் பக்கம் வந்த ஊர்க்காரர் ஒருவர், அவளுடைய அறையில் அப்புத்துரை இப்போது புகையிலை அடுக்கியிருக்கிறான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நல்லதுதானே. மழைக்கு நனையாது" என்றாள்.