நான்காவது பாட்டு

என் வீட்டுக்காரரின் காரில் இருந்த பாட்டுப்பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால், பென்டிரைவில் இருக்கும் முதல் பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். "இதை மாத்தித் தொலைங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நல்லாத்தானே பாடுது" என்பார். அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் என் ஆபீஸுக்குத் தினமும் காலையில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். அதனால் எந்தப் பாட்டு எந்த இடத்தில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் பாட்டு எங்கள் தெருமுனையில், நான்காவது கலெக்டர் ஆபீஸ் கிட்டே. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், சுற்றிக்கொண்டு போகவேண்டும். அன்று நான்காவது பாட்டு பாதி வழியிலேயே வந்துவிடும். "பாட்டு முந்திக்கிச்சு, ஆபீஸ்தான் இன்னும் வரல" என்று சிரிப்பார்.

அந்த நான்காவது பாட்டை நான் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. பௌர்ணமியானாலும் சரி, முன்னிசை முடிந்து பாடகி வாயைத் திறக்கும்போது அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சாயங்காலம் எத்தினி மணிக்கு வரட்டும்?" என்பார். என்றைக்கும் ஆறு மணிதான். தெரிந்துகொண்டே கேட்பார். நானும் சலித்துக்கொண்டே சொல்வேன். சாயங்காலம் திரும்பும்போது பேச்சுதான், பாட்டுப் போடமாட்டார்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காரை விற்றுவிட்டோம், பென்டிரைவை மட்டும் நான் கொடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மகள் அதிலிருந்த பாட்டையெல்லாம் படவாரியாகப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி, என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

"இனிமே தேடவே வேணாம்மா. ரெண்டு எழுத்து அடி, பாட்டு வந்து நிக்கும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம், நல்லதுக்குத்தான் செய்தாள். ஆனால் எனக்கு வேண்டியது அந்த ஒரு பாட்டு. அதைத் தேடி அடிக்க அதிலிருந்து ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. நான்காவதாக இப்போது ஏதோ ஒரு குத்துப்பாட்டு உட்கார்ந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மகள், "மெட்டு தெரியுமில்ல? போன்கிட்ட பாடிக் காட்டு, அதுவே கண்டுபுடிச்சிடும்" என்றாள்.

வெட்கத்தை விட்டு முன்னிசையை முனகினேன். முதல் தடவை எதையெதையோ காட்டியது. இரண்டாம் தடவை சரியாக அந்தப் பாட்டேதான். கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. மகள் அதைத் தொட்டு ஓடவிட்டாள். அவர் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

முன்னிசை முடிந்தது. பாடகி ஆரம்பித்தாள். என் விரல் தானாகப் போய் சத்தத்தைக் குறைத்தது.

"கஷ்டப்பட்டுத் தேடி எடுத்துட்டு ஏம்மா கம்மி பண்ற?"

"இந்த எடத்துல உங்கப்பா பேசுவாரு."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு ரொம்ப மெல்லமாக ஓடிக்கொண்டிருந்தது. "ஆறு மணிக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சத்தத்தைக் கூட்டினேன்.