பழுத்த புழு

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். கடத்தூரை ஒட்டிய எங்கள் வீட்டில் பட்டுப்புழுவும் கைப்பழக்கம்தான். கூடு கட்டத் தயாரான புழுவைப் பழுத்த புழு என்போம். அதை மட்டும் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விட வேண்டும். பழுக்காததை விட்டால் கூடு கட்டாமல் அலைந்து மற்றதையும் கெடுக்கும். ஏழாம் வகுப்பிலேயே இந்த வேலையில் எனக்கு நிகர் யாரும் இல்லை. இப்போது இதை அடக்கமாகச் சொல்கிறேன். அப்போது அடக்கமெல்லாம் கிடையாது.

அந்த வருஷம்தான் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு சித்தி தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வந்தார். அவர் ஊரில் புழு வளர்ப்பதில்லை. முதல் நாளே ஒரு சந்திரிகை நிறையப் பழுக்காத புழுவை விட்டுவிட்டார். "கண்ண எங்க வெச்சுக்கிட்டுப் பொறுக்குன?" என்று அம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதோடு சித்தி புழு ஷெட்டுக்குள் வரக் கூடாது, வெளியே புழுவுக்கு மல்பெரித் தழை வெட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

அடுத்த பேட்ச் பழுக்கத் தொடங்கியபோது சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எப்பிடிக் கண்டுபுடிக்கறன்னு எனக்கும் சொல்லு கண்ணு."

"பாத்தாத் தெரியாதுங்களா சித்தி?" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பட்டுப் பாடம். எங்கள் அறிவியல் டீச்சர் ஒரு மாதிரி. பதில் சொன்னவர் உடனே உட்கார்ந்துவிட முடியாது. மற்றவர்கள் கேள்வி கேட்டு ஓயும்வரை நிற்க வேண்டும். நான் எழுந்து பழுத்த புழுவைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி, பழுத்தது என்று எப்படித் தெரியும் என்றாள்.

"பாத்தாத் தெரியும்."

"எதப் பாத்தா?"

"பாத்தாத்தான்" என்றேன் மறுபடியும். வகுப்பே சிரித்தது. நாளைக்குப் புழுவையே எடுத்து வரச் சொன்னார் டீச்சர்.

செருப்பு டப்பாவில் தழையோடு முப்பது புழுக்களைக் கொண்டுபோனேன். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்க, சுற்றி நின்றவர்கள் விடாமல் குடைந்தார்கள். இது மஞ்சளாக இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை? அது இன்னும் தழை தின்கிறது என்றேன். இது தின்னவில்லையே? தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேடவில்லை. ஒருவன் ஒரு புழுவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "கழுத்து கண்ணாடியாட்டம் இருக்குது டீச்சர்!" என்று கத்தினான். என் கை இத்தனை நாளாக எதைப் பார்த்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மணி அடிப்பதற்குள் முதல் பெஞ்சுக்காரியே தப்பில்லாமல் பொறுக்கினாள். டீச்சர் எனக்குக் கைதட்டச் சொன்னார்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன். கைதட்டல் கதையை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். சித்தி தழை வெட்டுவதை நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அருகில் வந்தார். "அப்பிடி என்ன கண்ணு சொன்ன?"

"அது பாடமுங்க சித்தி, உங்களுக்குப் புரியாது."

சித்தி சிரித்துக்கொண்டே தழைக்குத் திரும்பிப் போனார். அதன் பிறகு எத்தனையோ பேட்ச் பழுத்தது. அவர் ஷெட்டுக்குள் வரவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. வகுப்பே கண்டுகொண்ட அந்த மூன்று அடையாளத்தைத்தான் அவர் என்னிடம் கேட்டார் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.