நனைந்தால் இறங்கும் மண்

போன வருடக் கோடையில் ஒருநாள் எங்கள் வீட்டுப் பின்கதவு பூட்ட மாட்டேன் என்றது. தள்ளிப் பார்த்தேன், தோளால் இடித்தேன், யாருக்கும் கேட்காதபடி கொஞ்சம் திட்டியும் பார்த்தேன். கதவின் மேல்மூலை நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. வேலையால் வந்த என் வீட்டுக்காரர் இவர், வெயிலுக்கு மரம் ஊதியிருக்கும் என்று சொல்லிச் சீவுளியால் ஓரத்தைச் சீவினார். இரண்டு நாள் கதவு நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மறுபடியும் முட்டியது. அடுத்த கிழமை, நிலையின் மூலையிலிருந்து குசினிச் சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு ஏறத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருடம் மேலதிக வேலை செய்து வாங்கிய வீடு இது. அந்த வெடிப்பைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் திருகோணமலை நகரத்துக்காரி, இவர் அதற்கு வடக்கே கடலோரத்து இறக்கக்கண்டி. இப்போது இருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், தெற்கே ஒரு சின்ன ஊரில். இவருக்குச் சீஸ் தொழிற்சாலையில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சமையல். ஊரிலிருந்து தொலைபேசியில் கதைப்பவர்கள் எல்லோரும் பனி கொட்டுகிறதா என்றுதான் கேட்பார்கள். மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் இங்கே வந்த நாளிலிருந்து நான் மல்லுக்கட்டுவது இந்த மண்ணோடுதான். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி ஆறிக் கறுத்த பாறையாகிப்போன பெரிய சமவெளி இது. மழை என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. பாறைக்கு மேலே காற்று கொண்டுவந்து போட்ட வண்டல் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து வெருகல் ஆறு கொண்டுவந்து ஒதுக்கும் வண்டலை நான் பார்த்திருக்கிறேன். காற்று வண்டல் கொண்டுவரும் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

முதல் தடவை அதைக் கையில் எடுத்தபோது அரித்த கோதுமை மா என்றுதான் தோன்றியது. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மணலைப்போல உரசாது, களியைப்போல ஒட்டாது, முகப்பவுடர்போல வழுக்கிக்கொண்டு போகும். சாத்திய யன்னலுக்குள்ளாலும் வரும். காலையில் துடைத்த அலுமாரியில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம். காய்ந்திருக்கும்போது இதைப்போல நல்ல மண் கிடையாது. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டினாலும் பக்கங்கள் சுவர்போல நேராக நிற்கும். கொஞ்சம் ஆழத்தில் சுண்ணாம்பு இறுகிய வெள்ளைப் படை, அதற்கும் கீழே கறுப்புப் பாறை. வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொழிக்கும். அளவாகக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். மேலே மேலே ஊற்றினால் மேற்பரப்பு கரைந்து, காய்ந்ததும் அப்பளம்போலப் பொருக்குக் கட்டிவிடும். விதை போட்டிருந்தால் முளைக்கு அதை உடைத்துக்கொண்டு வர ஏலாது.

இறக்கக்கண்டிக்கு நான் கலியாணம் முடித்துப் போனபோது அங்கே வேறு கணக்கு. முற்றம் முழுக்கக் கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணீர் திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும். வெங்காயப் பாத்திக்குக் காலையும் பின்னேரமும் இறைக்காவிட்டால் வாடிப்போகும். கிணறு குசினிச் சுவரோடு ஒட்டினாற்போல இருந்தது. மாமி, அதாவது இவருடைய அம்மா, அந்தச் சுவரடியில் நின்றுதான் மார்புக்குமேல் கட்டிய குறுக்குக்கட்டோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுவார். ஊற்றும்போது மூச்சை இழுத்து விடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை, யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மாமா காலமான பிறகு மாமி அந்த வீட்டில் தனியே இருந்தார். இவர் ஒரே பிள்ளை. இங்கே குடியுரிமை கிடைத்ததும் இவர் செய்த முதல் வேலை அம்மாவைக் கூப்பிட்டதுதான். வரும்போதே மாமி ஒரு நிபந்தனையோடு வந்தார்: "பிடிச்சா இருக்கிறன். பிடிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடோணும், மறிக்கப்பிடாது." இவர் தலையாட்டினார். அன்றிலிருந்து மாமியின் முகத்தைப் பார்ப்பதே இவருக்கு முழுநேர வேலையாகிப்போனது. ஐஸ் மீனுக்கு முகம் சுளித்தாரா, குளிருக்கு முகம் சுளித்தாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மாமி எதையும் குறை சொல்லவில்லை, குளியலறை ஷவரைத் தவிர.

"உந்தத் தூத்தல்ல நனையலாம், பிள்ளை. குளிக்க ஏலாது."

குளியல் தொட்டிக்குள் வாளி வைத்துக் கொடுத்தேன். அது வழுக்கியது. அவர் பயந்து பயந்து குந்தியிருந்து ஒரு கோப்பையால் ஊற்றிக்கொண்டு வந்து, "கழுவினனான், குளிக்கேல்ல" என்றார். முதல் கோடை வந்ததும் இவர் பின்வளவில், குசினிச் சுவரோடு இருந்த தண்ணீர்க் குழாயடியில், ஒரு பெரிய நீலப் பீப்பாயை வைத்தார். சீமெந்துக் கற்கள் பதித்தார். சுற்றிவரத் தார்ப்பாய் கட்டினார். அன்று பின்னேரம் அந்த மறைப்புக்குள்ளிருந்து எனக்குப் பழக்கமான மூச்சுச் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்த மாமி, "இப்பதான் நான் வந்து சேந்தனான்" என்றார். இரவுச் சாப்பாட்டில் என் சொதிக்கு உப்புக் காணாது என்று முதல் தடவையாக என் சமையலைக் குறை சொன்னார். மனுசி இருக்கப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கோடை முழுக்கவும் அடுத்த கோடையும் மாமி அங்கேதான் குளித்தார், அங்கேதான் தன் உடுப்புகளைத் தோய்த்தார். தண்ணீர் வழிந்த பக்கத்தில் கீரை தானாக முளைத்தது. சுற்றிவர எல்லாம் மாப்போலப் பறக்க, அந்தத் துண்டு நிலம் மட்டும் பச்சை. மாமி ஆய்ந்து கடைந்து தந்தார், நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம். அப்போதுதான் கதவு முட்டியது.

அத்திவாரம் திருத்துகிறவர் ஒருவரைக் கூப்பிட்டோம். டேல் என்று பெயர், தொப்பி போட்ட நல்ல மனிதர். வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு, இந்த மூலை மட்டும் இறங்கியிருக்கிறது, எங்கேயாவது குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். காற்று கொண்டுவந்து போட்ட மண் நெருக்கமாக இருக்காதாம். துகள்களுக்கிடையே வெளி இருக்கும், சுண்ணாம்பு அவற்றை ஒட்டிப் பிடித்துவைத்திருக்கும். தொடர்ந்து நனைந்தால் பிடி விட்டுப்போய் எல்லாம் கீழே உட்கார்ந்துவிடுமாம். டின்னில் மாவைப் போட்டுத் தட்டினால் இறங்குமே, அப்படி. சொல்லிக்கொண்டே வந்தவர் தார்ப்பாய்க்கு முன்னால் நின்றார். பீப்பாயைப் பார்த்தார், சீமெந்துக் கற்களைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நாயைக் குளிப்பாட்டுகிற இடமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இவர், "யெஸ்" என்றார்.

"பெரிய நாயா?"

"பெரியது," என்றார் இவர்.

இனிமேல் நாயைத் தள்ளி வைத்துக் குளிப்பாட்டும்படியும், சுவரோடு ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டு டேல் போனார். எனக்கு இவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற தாயை நாயென்று சொல்ல எப்படி வாய் வந்தது என்று கேட்கத்தான் திரும்பினேன். இவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. இந்த ஊரில் இத்தனை வருடமாகத் தன் பெயரை, சாப்பாட்டை, சாப்பாட்டின் மணத்தை, பிறந்த நாட்டை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டே இருக்கிற மனிதர். தன் தாய் வெளி வளவில் நின்று ஏன் குளிக்கிறார் என்று அன்று இன்னொருவருக்கு விளக்க அவரிடம் தெம்பு இருக்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு பயம்: அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? குளிக்கவேண்டாம் என்றால் போய்விடுவாரே.

அந்தக் கவலை வீண். மாமி நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் தங்குகிற விடுதியின் குசினியில் சில காலம் வேலை செய்தவர். ஆங்கிலம் பேச வராதே தவிர, கேட்டால் நன்றாக விளங்கும். குசினி யன்னலும் அன்று திறந்துதான் இருந்தது.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். மாமி இவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குச் சோறு போட்டார், மீன் நடுத்துண்டை எடுத்து வைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி, நாளைக்குத் தொடக்கம் உன்ர நாய் உள்ளுக்க குளிக்கும்."

இவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "அம்மா, நான் அப்பிடி..."

"விடு. நாய் எண்டாலும் பெரிய நாய் எண்டுதானே சொன்னனீ."

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சோற்றுக்குள் அழுதார். மாமி எழுந்து போய் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, "சாப்பிடு, மீன் ஆறுது" என்றார்.

மறுநாள் தார்ப்பாயை அவிழ்த்தது மாமிதான், எங்களைத் தொடவிடவில்லை. டேலின் ஆட்கள் வீட்டுக்குக் கீழே இரும்புத் தூண் இறக்கி மூலையை நிமிர்த்தினார்கள். வளவின் மறுபக்கத்தில் பீப்பாயை வைக்கலாம் என்று இவர் கெஞ்சினார். பாறை தெரிகிற இடம்கூடப் பார்த்து வைத்தார். "இனி நான் ஊத்துற ஒவ்வொரு வாளிக்கும் நீ சுவரைத்தான் பாப்பாய்" என்றார் மாமி. அது உண்மைதான். கீரை ஒரு கிழமையில் காய்ந்துபோனது. அந்த இடமும் மற்ற இடங்களைப்போல மாவாகிப் பறந்தது. குளிர் தொடங்க முதல், மாமி ஊர் வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றார். இவர் மறிக்கவில்லை, கொடுத்த வாக்கு அப்படி. விமான நிலையத்தில் மாமி என்னிடம், "அவனோட கோவிக்காதை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவரை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

இந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் இறக்கக்கண்டிக்குப் போனோம். பயணக் களை தீர இவர் நேரே கிணற்றடிக்குத்தான் போனார். நான் குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன், மாமி பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தார். இவர் ஒரு வாளி அள்ளினார். ஊற்றவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், சுவரை விட்டு விலகி முற்றத்தைக் கடந்து வேலிப் பக்கமாக நடந்தார்.

"எங்கயடா கொண்டுபோறாய்?" என்றார் மாமி.

இவர் திரும்பிப் பார்த்தார். கையில் நிறைந்த வாளி. கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே நின்றுகொண்டு, "சுவர்..." என்றார். பிறகுதான் தான் எங்கே நிற்கிறார் என்று அவருக்கு உறைத்தது.

"இஞ்ச ஒண்டும் இறங்காது, தம்பி. வந்து ஊத்து."

இவர் வரவில்லை. காலடி மணலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வெட்கப்பட்டுச் சிரித்தார், ஆனால் கால் வரமாட்டேன் என்றது. வேலியடிக்கே போய் நின்று அந்த ஒரு வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஒரு வாளி அவருக்கு எந்த மூலைக்கு. மாமி மீன் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய், கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அந்த மணலில் கால் புதையப் புதைய வேலிவரைக்கும் சுமந்துகொண்டு போய், இவர் தலையில் ஊற்றினார்.