கவரில் போட்டு அனுப்பிய கெப்பாசிட்டர்

1. செவ்வாய்க்கிழமை போன்

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

காலை பத்து மணி. மலைமேல் காவலூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் என் ஒர்க்‌ஷாப். டீயை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன். பேசியது தயாளன். சொந்த ஊர் கலசப்பாக்கம், சென்னையில் சினிமாவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். பதினைந்து வருடமாக அவருடைய சாமான் எது கெட்டாலும் என் கைக்குத்தான் வரும். நலம் விசாரிக்காமல் அவர் பேச்சைத் தொடங்கியது அன்றுதான் முதல் தடவை.

"இன்னா தயாளா, மறுபடியும் உம்முனு அந்த ஹம் வருதா?"

"ஹம்மு இல்லக்கா. சுத்தமா இருக்குது. அதான் பிரச்சனையே. என் சவுண்டைக் காணோம்."

டீ ஆறிப்போனது. அந்த வாரம் முழுக்க நான் சூடான டீ குடித்ததாக நினைவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தயாளன் வாசிக்கிற மாடுலர் சிந்த், அதாவது மின்சாரத்தில் சத்தம் உண்டாக்குகிற சிந்தசைசர், ஒரே வாத்தியம் இல்லை. ஆளுக்கொரு வேலை தெரிந்த சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். வயரால் கோத்துவிட்டால் வாத்தியம் ஆகிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் மாடுல் என்று பெயர். இன்றைக்கு அதே பெட்டிகள் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டன, வயரையும் மவுஸாலேயே இழுக்கலாம். பழைய அனலாக் மாடுல்களைத் திறந்து ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பில் பாதி. அவற்றை அளந்து, அதே மாதிரி நடந்துகொள்கிற சாஃப்ட்வேர் மாடுல் எழுதுவது மறுபாதி. இரண்டிலும் இடுப்பு வலி ஒன்றுதான்.

தயாளனிடம் இருந்தது ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்ட் மாடுல். எந்தக் காலத்திலோ வெளிநாட்டில் யாரோ கையால் கட்டியது. முகப்பில் பெயர்கூட இல்லை. இன்னொன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், அந்தச் சுரத்துக்கான வோல்டேஜை இது பிடித்து வைத்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகும் சுரம் நிற்கும். பிடித்து வைக்கிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் விரல் நகம் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர்.

அது பழசாகிப் போயிருந்தது. பிடித்த வோல்டேஜை ஒழுகவிட்டது. அதனால் சுரம் நிற்காமல், மெதுவாகக் கீழே தொய்ந்துகொண்டே போனது. மாடிப்படி ஏறி வந்தவர் நாற்காலியில் சாய்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் தொழிலில் அது கோளாறு. தயாளனுக்கு அதுதான் எல்லாமே என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2. திறந்தது திறந்தாச்சு

நான் வேலை கற்ற ஸ்டுடியோவில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜாக ஒருவர் இருந்தார். முதல் நாள் என் கையில் பார்ட்டுகளைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தொறந்தது தொறந்தாச்சுன்னா பழசு எல்லாத்தையும் மாத்திடும்மா. ஒண்ணை மாத்தி ஒண்ணை வுட்டா நாளைக்கு மறுபடியும் நம்ம தலையிலதான் வந்து வுழும்."

இன்னொரு வழக்கமும் அவரிடம் கற்றதுதான். கழற்றிய பார்ட்டைக் குப்பையில் போடக் கூடாது. கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, சாமானோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். உண்மையாகவே மாற்றினோம் என்பதற்குச் சாட்சி அது. இந்த இரண்டையும் முப்பத்து நான்கு வருடம் விடாமல் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தயாளன் மாடுலை அனுப்பியது ஹம் வந்ததற்காக மட்டும்தான். கோளாறு பவர் சப்ளையில். அரை மணி நேர வேலை, முடித்தேன். திறந்தது திறந்தாச்சு என்று பழைய கெப்பாசிட்டர் பதினொன்றையும் பிடுங்கிப் புதுசு வைத்தேன். பழசைக் கவரில் போட்டேன். போதாக்குறைக்குப் போன் செய்து பெருமையும் அடித்துக்கொண்டேன்.

"சுரம் தொய்ஞ்சிட்டிருந்துச்சு இல்ல, அதையும் சரி பண்ணிட்டேன். இனிமே மயிரிழை நகராது பாரு."

அவர் அப்போது ரயில் நிலையத்தில் நின்றிருந்தாராம். சரியாகக் காதில் விழாமலே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைதான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது.

"எனக்குன்னு வந்த மொத படம்க்கா. இத்தினி வருஷமா அடுத்தவங்களுக்கு வாசிச்சிட்டுக் கெடந்தேன். பேக்ரவுண்டு ஸ்கோர் ஏழு ரீலு. நாலு முடிச்சு டைரக்டர் ஓகே பண்ணிட்டாரு. படம் பூரா அந்தத் தொய்வுதான் ஓடுது. மீதி மூணும் திங்கக்கெழமை மிக்ஸுக்குப் போணும். இப்ப வாசிச்சா கம்பி மாதிரி நேரா நிக்குதுக்கா. இப்படியே இருந்தா டைரக்டரு வேற ஆளை வெச்சு மொதல்லேருந்து பண்ணிக்கிறேன்னுட்டாரு."

"பழைய டேக்ல இருந்து வெட்டி ஒட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். சீனோட நீளத்துக்கு வரல. ஒட்டுப் போட்டது அப்படியே தெரியுது."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பழைய சுரத்தின் ரெக்கார்டிங்கை அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

3. நடிக்கிற சாஃப்ட்வேர்

கம்ப்யூட்டரில் எழுதிய ஹோல்ட் மாடுலுக்கு மறதி கிடையாது. ஒரு எண்ணைக் கொடுத்தால் கரண்ட் இருக்கும் வரை அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். அதைத் தொய்ய வைக்க வேண்டுமென்றால் நாமே ஓட்டை போட வேண்டும். தயாளன் அனுப்பிய சுரங்களை அளந்து, எத்தனை நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் போட்டு, புதன்கிழமை மதியத்துக்குள் ஒரு சாஃப்ட்வேர் மாடுல் எழுதினேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வராது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் அனுப்பினேன்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. அளவுக்கு அளவு பொருந்தியிருந்தது.

"கிட்டத்தட்ட வந்துடுச்சுக்கா," என்றார் தயாளன். "ஆனா பத்து தபா அமுக்குனா பத்து தபாவும் ஒரே மாதிரி தொய்யுது. அழுவுற சீன்ல அது ஒட்டல."

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக் குறைய இறங்குகிற மாதிரி மாற்றினேன். மறுபடியும் பஸ் ஸ்டாப். கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா, "ரெண்டு பஸ்ஸு போச்சேம்மா, எதுலதான் ஏறப் போறீங்க?" என்று கேட்டார்.

தயாளன் திருப்பி அழைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"டைரக்டருக்கும் போட்டுக் காமிச்சேன்க்கா. குடிக்காதவன் குடிச்சவன் மாதிரி நடிக்கிறான்னு சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் அளந்து அளந்து எழுதியவளுக்கு இப்படி ஒரு சர்டிபிகேட். ஆனால் நானே ஹெட்போனில் கேட்டபோது, அந்த ஆள் சொன்னது சரி என்றுதான் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மாடுலை எடுத்துட்டு நேர்ல வா. பழைய பார்ட்டு இருக்கிற கவரு எங்க?"

"பொட்டியிலதான் கெடக்குது. பிரிக்கக்கூட இல்ல."

4. வெள்ளிக்கிழமை கொட்டகையில்

வாணியம்பாடி வரை ரயில், ஆலங்காயம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு ஒரு பஸ். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மாடுலை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். இரண்டு நாள் தாடி. மார்கழிக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. என் கணவரின் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

கவரைப் பிரித்து மேசையில் கொட்டினேன். பதினொரு கெப்பாசிட்டர். ஹோல்டில் இருந்த அதே மதிப்புள்ளவை நான்கு. எது எந்த இடத்தில் இருந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. செத்த சாமானுக்கு யார் லேபிள் ஒட்டுவார்கள்?

ஒவ்வொன்றாக மாடுலில் வைத்து, என் டெஸ்ட் கீபோர்டில் கட்டையை அழுத்திப் பார்த்தோம். முதலாவதில் சுரம் நேராக நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் லேசாக இறங்கியது. தயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நொடி கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"இது இல்லக்கா. இது சோம்பேறித்தனமா எறங்குது. என்னுது சாயும்."

நான்காவதும் நேராக நின்றது. மறுபடி முதலில் இருந்து நான்கையும் வைத்துப் பார்த்தோம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அன்றைக்குக் கழற்றும்போது அயர்ன் சூட்டில் அந்தக் கெப்பாசிட்டரையே கெடுத்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், லேசாகவாவது இறங்கிய மூன்றாவதையே வைத்து சால்டர் செய்தேன். மறுபடி ஆன் செய்த மாடுலை அணைக்காமல் அப்படியே விட்டிருந்தேன்.

"வுடுங்கக்கா," என்றார் தயாளன். "என் தலையெழுத்து அவ்ளோதான். கச்சேரி, கல்யாணம்னு வாசிச்சுட்டுப் போறேன். மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."

திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. கேட்காமல் கை வைத்து ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமைச் சோறும் புளிக்குழம்பும் வைத்தேன். அவர் பாதியிலேயே கை கழுவிவிட்டார்.

இரண்டரைக்கு மூட்டை கட்டக் கொட்டகைக்குப் போனோம். வெயில் ஏறி, தகரம் காய்ந்து, உள்ளே புழுங்கியது. தயாளன் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சுவிட்சை அணைக்கும் முன்னால், சும்மா ஒரு கட்டையை அழுத்தினார்.

சுரம் எழுந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு சாய்ந்தது.

அவர் கையை எடுக்கவே இல்லை. சுரம் அடி வரைக்கும் போய் ஓய்ந்த பிறகு இன்னொரு கட்டை. அதுவும் சாய்ந்தது, ஆனால் வேறு மாதிரி.

"அக்கா," என்றார். "அக்கா, இதான்க்கா."

நான் தலைக்கு மேலே தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"தயாளா, உன் ரூம்ல ஏசி இருக்குதா?"

"ஏசி ஏதுக்கா? ரெக்கார்டிங்னா ஃபேனைக்கூட நிறுத்திடுவேன். வெந்துட்டுதான் வாசிப்பேன்."

ஒழுகுகிற பார்ட் சூட்டில் இன்னும் அதிகமாக ஒழுகும். இது முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மலைக்கு வந்த நாளிலிருந்து நான் எல்லா டெஸ்டையும் காலைக் குளிரில்தான் செய்வேன். அப்போதுதான் எந்த அளவும் அலையாமல் நிற்கும். அது நல்ல வழக்கம் என்றே நினைத்திருந்தேன். தயாளனின் சுரம் பிறந்ததோ வெந்துபோன ஒரு சென்னை அறையில். அதைக் காவலூர்க் குளிரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அவர் அழுதாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"எவ்ளோ நாள் தாங்கும்க்கா?"

"தெரியாது. ஒரு வாரமும் இருக்கலாம், ஒரு வருஷமும் இருக்கலாம். இது போன சாமான். போனதுன்னு தெரிஞ்சே உள்ள வெச்சு மூடறது என் சர்வீஸ்ல இதான் மொத தடவை."

"எனக்கு ரெண்டு நாள் போதும்."

நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கிக் கொடுத்தேன். கெட்டதை உள்ளே வைத்து மூடுகிறோமே என்று கையில் ஒரு கூச்சம் இருந்தது. மூன்று மணி பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிட்டு வந்து, நான்கு மணிக்கே படுத்துவிட்டேன்.

5. கேட்க வேண்டிய கேள்வி

ஞாயிறு மாலை போன் வந்தது. ஜன்னலைச் சாத்தி, சட்டையைக் கழற்றிப் போட்டு, இரண்டு மத்தியானத்தில் மூன்று ரீலையும் வாசித்து முடித்துவிட்டாராம். டைரக்டர் ஒன்றுமே சொல்லாமல், அடுத்தது போடு, அடுத்தது போடு என்றாராம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இன்னா கோளாறு என்று கஸ்டமரைக் கேட்கிறோம். அதோடு நிறுத்தாதீர்கள். எது மாறக் கூடாது என்றும் கேளுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு முப்பத்து நான்கு வருடம் ஆனது. இப்போது எல்லோரையும் கேட்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குச் சட்டென்று பதில் வராது. யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். அவர்கள் சொல்லும் வரை நான் அயர்னைச் சூடு பண்ணுவதில்லை. இதனால் வேலை தாமதமாகிறது என்று சிலருக்கு வருத்தம். இருக்கட்டும், எனக்கும் உட்கார நேரம் வேண்டும்.

வெயில் காலத்தில் அந்த மாடுல் மறுபடி வந்தது. இந்த முறை சுரம் பிடிக்கவே இல்லை. கெப்பாசிட்டர் சுத்தமாகப் போயிருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. போன் செய்தேன்.

"தயாளா, எது மாறக் கூடாது?"

அந்தப் பக்கம் ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"மாத்திடுங்கக்கா," என்றார். "அது செய்ய வேண்டியதைச் செஞ்சிடுச்சு. அடுத்த படத்துக்கு நேரா நிக்கட்டும்."

மாற்றினேன், அது ஒன்றை மட்டும். கழற்றியதைத் தனிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் எழுதினேன்: "ஹோல்ட். சாய்ந்தது இதுதான்." வழக்கமாக ஒரு தடவைதான் ஸ்டேப்ளர் அடிப்பேன். இதற்கு இரண்டு தடவை அடித்தேன்.