ஞாயிற்றுக்கிழமைப் பதிவு

நான் வேலை செய்யும் கந்தோருக்கு நிலநடுக்கம் பதியும் புதுக் கருவி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் எழும் வேகமான அதிர்வையும், கடலுக்கு அப்பால் எங்கோ தொடங்கி நிமிடக்கணக்காக மெல்ல அசையும் நிலத்தையும் ஒன்றாகவே பிடிக்கும் அகலப்பட்டைக் கருவி. இரண்டு கம்பனிகள் ஆளுக்கொன்று பரீட்சித்துப் பார்க்கத் தந்திருந்தன. எது நல்லது என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்ல வேண்டும். கந்தோரிலோ தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் ஏற்றிக் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, என் பிடிவாதம்தான்.

பின்னறைச் சீமெந்துத் தரையில் இரண்டையும் அருகருகே வைத்து, காற்றுப் படாமல் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியால் மூடினேன். துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் அதிர்வுகள் பற்றிக் கவலையில்லை. அவை இரண்டிலும் ஒரேபோல விழும், கழித்துவிடலாம். மிஞ்சுவது கருவியின் சொந்த இரைச்சல். அது குறைந்ததைத்தான் வாங்குவோம். ஆனால் பக்கத்தில் ஆள் நடந்தால் தரை ஒரு நூல் சரியும். அதை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் பதியும். கழிக்க வழியே இல்லை.

சனி பின்னேரம் பார்த்தால் பதிவு முழுக்க மேடும் பள்ளமும். என் கணவர்! இடுப்பில் ஒப்பரேசன் செய்து பத்து நாள். காலில் இரத்தம் கட்டாமலிருக்க மணிக்கொரு தரம் வீட்டுக்குள் நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர்.

"ஐயோ, என்னப்பா இது! எல்லாத்தையும் பாழாக்கிப் போட்டீங்கள்," என்று கத்தினேன்.

அவருக்குச் சிரிப்பு. "அப்ப உம்மட மெசினுக்கு நான்தான் பூமியதிர்ச்சியோ?"

"பகிடி விடாதேங்கோ. திங்கள் காலமை வரைக்கும் கதிரையும் கட்டிலும்தான். ரெண்டு நாளில கால் ஒண்டும் கழண்டு விழாது."

மனுசன் சொன்னபடியே இருந்தார். ஞாயிறு பின்னேரம் ஒரு தரம்தான் கேட்டார். "கால் இறுக்கமாக் கிடக்கு. கொஞ்சம் நடக்கட்டோ?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடிஞ்சாத் திங்கள்தானே, பொறுங்கோ," என்றேன். கோடு அப்போது அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

திங்கள் காலை தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கட்டிலிலிருந்து எழும்பி இரண்டு அடி வைத்தார். மூச்செடுக்க முடியாமல் என் மேலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. காலில் கட்டிய இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம்.

"சொன்னபடி நடந்தவரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், நடந்தவர்," என்றேன். பாவி நான்.

நடந்தாலும் சில பேருக்கு இப்படி வரும், உங்களை நீங்கள் நோகாதேயுங்கள் என்றார் அவர். நடக்க விட்ட மனைவிக்குச் சொன்ன ஆறுதல் அது. அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்காகக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு வேலைக்குப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். காட்ட வேறொன்றும் என்னிடம் இல்லை. இரண்டாவது கருவிதான் திறம் என்பது யாருக்கும் தெரிந்தது.

"இவ்வளவு அமைதியா எங்க எடுத்தனீங்கள்?" என்று பணிப்பாளர் ஆச்சரியப்பட்டார்.

"எங்கட வீட்டில, சேர்," என்றேன். "அண்டைக்கு ஒருத்தரும் நடக்கேல்லை."