மச்சினன் ஓட்டலில் வாயை மூடிச் சாப்பிட்டது

அருப்புக்கோட்டை பைபாஸில் என் மச்சினன் ஓட்டல் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பதினோராம் நாள் என் மனைவியின் போனுக்கு, "கடை திறந்தாச்சுக்கா" என்று ஒரு வரி வந்தது. அதில் வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. அவள் அதை நாலு தடவை படித்துவிட்டு, "என் தம்பி கூப்பிட்டுட்டான்" என்றாள்.

பத்திரிகை வராததற்கு நான்தான் காரணம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் மகனுக்குக் காதுகுத்து. மதுரையில் பல வருடம் ஓட்டல் சமையல்கட்டில் நின்றவன், அன்று தானே அடுப்படியில் நின்று சமைத்தான். பந்தியில் கறிக்குழம்பு வந்ததும் நான் இலையைத் துழாவி, "ஏம்ப்பா, இதுல இருந்த ஆடு எங்க? நரிக்குடிப் பக்கம் மேயப் போயிருச்சா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பந்தியே சிரித்தது. அவன் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். எனக்கோ வீடு வந்து சேரும்வரை பெருமை தாங்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு என் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. கரும்புக்கும் பானைக்கும் ஆசைப்படுகிறவள் இல்லை அவள். ஆனாலும் மூன்று பொங்கலுக்கும் குளித்துவிட்டு வந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குத் தம்பி வீடுதான் பிறந்த வீடு. அதை ஒரு ஆட்டை வைத்து அடைத்த புண்ணியவான் நான்.

அதனால் திருச்சுழியில் பஸ் ஏறும்போதே உத்தரவு வந்துவிட்டது.

"அங்க வந்து நக்கல் நையாண்டி எதுவும் கூடாது. திங்கணும், நல்லாருக்குன்னு சொல்லணும், எந்திரிச்சு வரணும்."

"இருமலாமா?"

"பாத்தீகளா, ஆரம்பிச்சிட்டீக!"

காலேஜில் படிக்கிற மகள் காதிலிருந்து ஒயரை உருவிவிட்டு, "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் ஊமையா இருப்பா. அம்மா பாவம்" என்றாள்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா போட்ட மேசைகள் என்று ஓட்டல் ஜோராக இருந்தது. என்னைச் சுவரோரமாகத் தள்ளி, வெளியேறும் பக்கத்தில் மனைவி உட்கார்ந்துகொண்டாள். எதிரே மகள். மேசையைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அதற்கும் என் தொந்திக்கும் நடுவில் ஒரு அப்பளம்கூட நுழையாது. கை கழுவப் போகிறேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மச்சினன் வந்தான். "வாக்கா, வாம்மா" என்று அக்காளையும் அக்காள் மகளையும் கேட்டான். பிறகு சுவரைப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றான். மெனு கார்டைக் கேட்டால், "நானே கொண்டாறேன்" என்று உள்ளே போய்ப் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் மட்டன் சுக்காவும் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்து நின்றான்.

முதல் வாய் வைத்தேன். சுமாராக இருந்தால் என்ன சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அது நன்றாக இருந்துவிட்டது. பரோட்டா நொறுங்கி, சால்னாவில் ஊறி, நாலு ஊர் தள்ளியிருந்தாலும் தேடி வரவைக்கிற ருசி.

"எப்பிடி மச்சான்?"

"நல்லாருக்கு மாப்ள."

அவன் முகம் சுருங்கியது. "சும்மா சொல்லுங்க."

"நெசமாத்தான். மதுரையிலகூட இப்பிடித் தின்னதில்ல."

"மதுரையிலகூட!" என்று திருப்பிச் சொன்னான். "அக்கா, கேட்டியா? மச்சான் இன்னும் மாறல."

எனக்கு வியர்த்தது, ஏசியிலேயே. இருபத்தைந்து வருடமாக எதைச் சொன்னாலும் ஊரைச் சிரிக்க வைத்த முகம் இது. உண்மை சொல்வதற்கென்று தனியாக ஒரு முகம் செய்து வைக்கத் தோன்றவில்லை. இருப்பதையே கொஞ்சம் கடுமையாக்கிப் பார்த்தேன்.

"எதுக்கு மொறைக்கிறீக?" என்றான்.

"இன்னும் ரெண்டு பரோட்டா வை மாப்ள."

"எதுக்கு, ஊர்ல போயி கத சொல்றதுக்கா?"

மகள் இடையில் புகுந்தாள். "மாமா, அப்பா நெசமாத்தான் சொல்றாரு."

"நீயும் உங்கப்பங்கூடச் சேந்துக்கிட்டியா தாயி?"

என் மனைவி பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வாய்கூட வைக்கவில்லை. அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். இப்போது போனால் நாலாவது பொங்கலும் அவனோடு போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்ள" என்றேன். "சால்னாவுல உப்பு கம்மி."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள், "அப்பா!" என்று பல்லைக் கடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், உப்பு மிகச் சரியாக இருந்தது.

அவன் திரும்பி வந்தான். அக்காளின் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். சப்புக்கொட்டினான்.

"கம்மிதான்" என்றான். "ஒரு சிட்டிக கம்மி. மத்தது?"

"மத்ததெல்லாம் நல்லாருக்கு."

"சுக்கா?"

"அருமையா இருக்கு."

நம்பிவிட்டான். முகமெல்லாம் விரிய என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இப்பிடிச் சொல்லுங்க மச்சான். ஒரு குத்தமும் சொல்லாம நல்லாருக்கு நல்லாருக்குன்னா எவன் நம்புவான்?" உடனே எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

திரும்பி வந்து, நான் கேட்டிருந்த இரண்டு பரோட்டாவையும் வைத்துத் தானே நொறுக்கி, தன் கையாலேயே சால்னாவை ஊற்றினான். "இப்பம் பாருங்க."

வாயில் வைத்ததும் உப்புக் கரித்துக் கண்ணில் நீர் கட்டியது. அவன் சிட்டிகை, சமையல்காரன் சிட்டிகை. டாக்டர் எனக்கு ஊறுகாயே கூடாதென்று சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மனைவி, முன்னால் மேசை, எதிரே கண் கொட்டாமல் மச்சினன். தின்றேன்.

"இப்பம்?"

"இப்பம்தான் சரியா இருக்கு மாப்ள."

அவன் அக்காளைப் பார்த்தான். "பொங்கலுக்கு முந்தி ஒரு நா வாரேன்க்கா. வீட்டுல இரு" என்றான். அவள் தலையை ஆட்டினாள். பிறகுதான் பிய்த்துப் போட்டிருந்த பரோட்டாவில் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

அவன் என் தட்டை எட்டிப் பார்த்தான். "இன்னுங் கொஞ்சம் சால்னா ஊத்தவா மச்சான்?"

மேசைக்கு அடியில் மனைவியின் முழங்கால் என் காலை இடித்தது.

"ஊத்து மாப்ள" என்றேன்.