தாங்கியின் வாயில் தெரிந்த முகம்

நெருப்புப் பிடித்தபோது நான் தண்ணீர்த் தாங்கிக்குள் நின்றேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். தண்ணீர்த் தாங்கிக்குள் நிற்பவனுக்கு நெருப்பால் என்ன பயம் என்பார்கள். தாங்கி வெறுமையாக இருந்தது என்று சொன்ன பிறகுதான் சிரிப்பு நிற்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சாட்டிக் கடற்கரையில் எங்கள் கிராமச் சபை ஒரு சிறிய பூங்கா வைத்திருந்தது. சவுக்கு மரங்கள், உட்காரச் சீமெந்து வாங்குகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கடலில் குளித்தவர்கள் உப்புப் போக மேல் கழுவக் குழாய்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வருவார்கள். எனக்கு அங்கே வேலை. கிணற்றடியில் நின்ற மண்ணெண்ணெய் மெசினை இயக்கித் தாங்கியை நிரப்புவது, குழாய்களைத் திருத்துவது, குப்பை கூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் நானும் பக்கத்திலிருந்த மண்கும்பானில் இருந்தோம்.

தாங்கி இரும்புத் தகட்டால் ஆனது. பனங்குற்றிகளை நட்டு, அவற்றின் மேல் பரண் அடித்து அதை ஏற்றியிருந்தார்கள். மேலே ஆள் ஒருவர் நுழையக்கூடிய ஒரு வாய். உள்ளே நிமிர்ந்து நின்றால் அந்த வாய் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். பாசி பிடிக்கும்போது தண்ணீரையெல்லாம் திறந்து விட்டுவிட்டு, பரணில் கட்டிய கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கித் தேங்காய் நார்ப் பொச்சால் தேய்ப்பேன். தேங்காய்ப் பொச்சைப் போலப் பாசியை எடுக்க வேறொன்றும் இல்லை.

அன்று தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. பகல் வேளை. பூங்காவில் ஒரு குடும்பம் மட்டும் சவுக்கின் கீழ் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. நான் அவர்களைக் கடந்துதான் ஏணியில் ஏறினேன். வாசலில் இருந்த தேநீர்க் கடை பூட்டியிருந்தது. கடைக்கார அக்கா மண்டைதீவில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க விடியவே போயிருந்தார்.

உள்ளே தேய்க்கும் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. தகட்டில் பொச்சு உரசுவது காதுக்குள் இடி மாதிரி இருக்கும். முதலில் மணம்தான் வந்தது. யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு வாயின் வழியே தெரிந்த வானம் மண்ணிறமாக மாறியது. நான் பொச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு முழுவதும் என் மேல் வந்து விழுந்தது. அதன் மறுமுனை கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பயம்கூட உடனே வரவில்லை. இதென்ன, இதென்ன என்று ஒரு முட்டாளைப் போல அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். என் குரல் தகட்டில் மோதி எனக்கே திரும்பி வந்தது. பாய்ந்து பாய்ந்து பார்த்தேன். விரல் நுனி வாயின் விளிம்பில் பட்டுப் பட்டு வழுக்கியது. காலடித் தகடு சூடேறத் தொடங்கியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். மேலிருந்து புகை உள்ளே வந்து சுழன்றது. தண்ணீர் போகும் குழாயின் துவாரத்தில் மூக்கை வைத்து மூச்செடுத்தேன். அம்மாவை நினைத்தேனா, அம்மனை நினைத்தேனா என்று கேட்டால் பொய் சொல்லக்கூடாது. ஒன்றையும் நினைக்கவில்லை.

அப்போது வாயில் ஒரு முகம் தெரிந்தது. தேநீர்க் கடை அக்கா.

அந்த முகத்தை என்னால் வர்ணிக்க ஏலாது. கண் இரண்டும் பிதுங்கி, வாய் திறந்தபடி, ஏதோ பேயைக் கண்டதுபோல் என்னைப் பார்த்தார். "அக்கா!" என்று கத்தினேன். புகை வந்து மறைத்தது. முகம் இல்லை. வெறும் புகை. பிறகு மறுபடி முகம் வந்தது.

"தம்பி, வாளியைப் பிடியும்! கவிட்டு வைச்சு ஏறும்! கெதியா!"

தகர வாளி ஒன்று என் காலடியில் விழுந்தது. அதைக் கவிழ்த்து ஏறி நின்றேன். இப்போது விளிம்பு கைக்கு எட்டியது. அவர் தன் இரண்டு முழங்கைகளையும் அந்தச் சூடான விளிம்பில் ஊன்றி, என் கைகளைப் பிடித்து இழுத்தார். இரும்பில் தோல் பட்ட மணம் எனக்கு வந்தது. நான் எப்படி வெளியே வந்தேன், எப்படி ஏணியில் இறங்கினேன் என்பது தெரியாது. காற்று நெருப்பை மறுபக்கம் தள்ளியபடியால் ஏணி மட்டும் எரியாமல் நின்றது. நாங்கள் மணலில் விழுந்து கிடந்தபோது பின்னால் பனங்குற்றிகள் முறிந்தன. தாங்கி சாய்ந்து நிலத்தில் மோதிப் பொருத்தில் பிளந்தது. வாசல் பக்கம் பார்த்தேன். அக்காவின் ஓலைக் கடை எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.

மீன்பிடிக்காரர்கள் ஓடி வந்து மணல் அள்ளி எறிந்து நெருப்பை அணைத்தார்கள். சமைத்த குடும்பம் பாத்திரங்களையும் விட்டுவிட்டு எங்கோ ஓடிவிட்டது.

பிறகு பல வாரங்களுக்கு எனக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. சோறு வேகும் பானையின் மூடி அதிர்ந்தால் எழுந்து வெளியே போவேன். அம்மாவுக்கோ அக்கா மனுஷியே இல்லை, தெய்வம். நயினாதீவுக்கு வள்ளம் ஏறிப்போய் அம்மனுக்கு அக்காவின் பெயரில் அருச்சனை செய்வித்து, பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா நெடுந்தீவில் பிறந்த வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவர். பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கைகளில் அப்போதும் துணி சுற்றியிருந்தது.

"அம்மா, எனக்கு உதெல்லாம் செய்யாதேங்கோ," என்றார்.

"ஏன் பிள்ளை? என்ரை பிள்ளையை நெருப்புக்குள்ள இருந்து எடுத்துத் தந்தனீர். உமக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். ஊரில் ஆட்கள் சேர்ந்து பனை மரம், ஓலை, கயிறு கொண்டுவந்து அவருக்குப் புதுக் கடை போட்டுக் கொடுத்தார்கள். அவர் புருஷன் கடலுக்குப் போகிறவர். அந்த மனுஷன் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா உள்ளே நின்றுகொண்டு வெளியே வரவில்லை.

தாங்கிதான் வரத் தாமதமாகியது. தண்ணீர் இல்லாத பூங்காவுக்கு யார் வருவார்கள்? வந்த சிலரும் உப்பு மேலோடு பஸ்சில் ஏறினார்கள். அக்காவின் கடைக்கு மாட்டு வண்டிலில் பீப்பா வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். இனி மரமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், நான்கு கொங்கிறீற் தூண்களில் கொங்கிறீற் தாங்கி என்று சபையில் முடிவெடுத்தார்கள். அந்த நாட்களில் சீமெந்து நினைத்தவுடன் கிடைக்காது, பெர்மிட் வேண்டும். கடற்கரை மணலைப் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும் என்று வேறு இடத்திலிருந்து மணல் லொறியில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மேசன் தன் ஆட்களுடன் வந்து கொட்டில் போட்டுத் தங்கினார். அத்திவாரம் வெட்டும்போது சாம்பலும் கருகிய பனங்குற்றியின் அடிக்கட்டைகளும் வந்தன. நான்தான் அவற்றைத் தோண்டி எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் மண்ணில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

தூண்கள் எழும்பின. தாங்கியும் வார்த்தாயிற்று. நனைத்த சாக்குப் போட்டு ஆற வைத்து, பலகைகளைக் கழற்றிய பிறகு, உள்ளே சீமெந்துப் பால் பூச வேண்டியிருந்தது. சபைத் தலைவர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன்.

"தாங்கியின்ர உள் வேலை உமக்குப் பழக்கந்தானே. நீரே இறங்கிப் பூசிவிடும்," என்றார்.

ஓம் என்றேன். வாளியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். புதுத் தாங்கிக்கு உள்ளேயும் இரும்புப் படி வைத்திருந்தார்கள். கயிறு தேவையில்லை. வாயருகே போய் உள்ளே குனிந்தேன். இருட்டும் சீமெந்து மணமும் முகத்தில் அடித்தன. அவ்வளவுதான். படியைப் பிடித்த கை விறைத்துவிட்டது. மேசன் ஏறி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என்னைக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று.

"விடுங்கோ தம்பி, என்ரை ஆள் ஒருத்தன் பூசுவான்," என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

நான் போய் அக்காவின் கடை வாங்கில் இருந்தேன். உடம்பு முழுவதும் வியர்வை. அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல உள்ளே போகாமல் எனக்கு எதிரே இருந்தார். கைகளில் புண் ஆறி, தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"நீங்கள் வராட்டில் நான் அண்டைக்கே முடிஞ்சிருப்பன் அக்கா," என்றேன். இதை எத்தனை தரம் அவரிடம் சொல்லியிருப்பேனோ.

"தம்பி, இனி உதைச் சொல்லாதையும். என்னால கேட்டுக்கொண்டிருக்க ஏலாது."

"ஏன் அக்கா?"

"நான் உம்மைக் காப்பாத்த வரேல்லை."

நான் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினேன்.

"நீர் உள்ளுக்கு நிக்கிறது எனக்குத் தெரியாது. பஸ்சால இறங்கி வந்தனான். நெருப்பு கடைப் பக்கம் வருது. குழாயைத் திறந்தனான், தண்ணி வரேல்லை. குழாய் அடைச்சுப்போச்சு எண்டு நினைச்சன். மேல ஏறி அள்ளிக்கொண்டு வந்து கடைக்கு ஊத்துவம் எண்டு வாளியோட ஏறினனான். எட்டிப் பாத்தா தண்ணி இல்லை. நீர் நிக்கிறீர்."

வாளி! அதை நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை. ஆளைத் தூக்க வருபவர் வாளியோடு ஏன் வருவார் என்று ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

"அதுக்கென்ன அக்கா? கண்ட பிறகு தூக்கினீங்கள்தானே," என்றேன். எனக்கே என் குரல் தூரத்தில் கேட்டது.

அக்கா தலையை ஆட்டினார். "இல்லை. இன்னும் கேளும். உம்மைக் கண்டவுடன எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. பரண் ஆடுது. நான் செத்துப் போவன் எண்டு நினைச்சன். இறங்கினனான் தம்பி. உம்மை விட்டிட்டு இறங்கினனான். சில படி இறங்கிப்போட்டன்."

புகை வந்து முகத்தை மறைத்தது என்றுதானே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது புகை இல்லை. அந்த இடைவெளியில் வாயில் யாருமே இல்லை. நான் அடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

தேநீர் நான் உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது.

"ஏன் திரும்பி வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை," என்றார் அக்கா. "கன தரம் யோசிச்சுப் பாத்திட்டன். மாதா கூப்பிட்டவ எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை. கால் திரும்ப ஏறிச்சுது, அவ்வளவுதான். இந்தக் கடையை ஊர்ச்சனம் போட்டுத் தந்திட்டுது. உம்மடை அம்மா கோயிலில என்ரை பேர் சொல்லுறா. எனக்கு விழுங்கின சோறு இறங்குதில்லை."

நான் எழுந்து வந்துவிட்டேன். கோபமா என்று கேட்டால் இல்லை. யாரோ என் காலடி நிலத்தை எடுத்துவிட்டதுபோல இருந்தது. சில நாட்கள் கடைப் பக்கம் போகவில்லை. மேசனின் ஆள் உள்ளே இறங்கிச் சீமெந்துப் பால் பூசுவதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். ஏணியின் அந்தச் சில படிகளையே திரும்பத் திரும்ப நினைத்தேன். அந்த நெருப்பில், ஆள் நிற்பது தெரிந்து, கடை எரிவதும் தெரிந்து, இரண்டாம் தரம் ஏறியிருக்கிறார். நானாக இருந்தால் ஏறியிருப்பேனா என்று யோசித்தேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. மறுநாள் காலை என்னோடு சாட்டிக்கு வந்தார். நேரே கடைக்குள் போனார். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"பிள்ளை, இறங்கினனீரோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்து, சுருங்கிய தோலைத் தடவிப் பார்த்தார். வாங்கில் இருந்தார்.

"ஒரு தேத்தண்ணி தாரும்," என்றார்.

வெளியில் எங்கும் வாய் நனைக்காதவர் அம்மா. அக்கா அழுதுகொண்டே தேநீர் போட்டார். அம்மாவும் அழுதுகொண்டே குடித்தார். அதன் பிறகு அருச்சனை எதுவும் செய்விக்கவில்லை. நல்ல மீன் கிடைக்கும் நாளில் ஒரு சட்டி குழம்பு அக்காவுக்குப் போகும். நானும் பழையபடி கடைக்குப் போகத் தொடங்கினேன். அந்தக் கதையை நாங்கள் மூன்று பேரும் பிறகு எடுக்கவேயில்லை.

புதுத் தாங்கியில் முதலில் நிரப்பிய தண்ணீரைத் திறந்து விட்டோம். இரண்டாம் தரம் நிரப்பியதையும் விட்டோம். மூன்றாம் தரம் சபைத் தலைவர் குழாயைத் திறந்து வைத்தார். அப்போதும் தண்ணீரில் சீமெந்து மணந்தது. அக்காவின் தேநீரைக் குடித்துவிட்டு ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். மாரி வந்து போகும் வரை அப்படித்தான் இருந்தது.

தாங்கிக்குள் நான் பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை. சபை அதற்கு வேறு ஆளை வைத்தது. அவன் உள்ளே தேய்க்கும்போது நான் வாயருகே இருந்து ஊர்க்கதை கேட்டுக்கொண்டே இருப்பேன். அவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று அவன் சொல்வான். அந்த வேளையில் அக்கா அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு வந்து, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.